முதல் ரேங்க் சாட்சி

கண்ணாடி மேஜை. நடுவில் ஐஸ் மிதக்கும் தண்ணீர்க் குடுவை. ஜன்னலுக்கு வெளியே சான் ஹோசே நகரத்தின் வெயில். குடுவையில் ஐஸ் விரிசல் விடும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதியான அறை.

"அதன்பின் திரு. செந்தில்குமார், தம் வசம் இருந்த நிறுவனப் பொருள்கள் அனைத்தையும் விடைபெறும் நேர்காணலின்போது முறைப்படி ஒப்படைத்தார்" என்றார் சாட்சி.

இங்கிலீஷில்தான் சொன்னார். தடங்கல் இல்லை, திணறல் இல்லை. கமா வரும் இடத்தில் மூச்சுவிட்டார், முற்றுப்புள்ளியில் நிறுத்தினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெல்லர் அம்மையார் பேனாவை மேஜைமேல் வைத்தார். வெள்ளை முடி, முத்துத் தோடு, எதிரிக்கும் பெப்பர்மின்ட் நீட்டும் நல்ல பழக்கம்.

"மன்னிக்க வேண்டும். யார் அந்தத் திரு. செந்தில்குமார்?"

"நான்தான், மேடம்."

சுருக்கெழுத்து இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சாட்சியை அல்ல, என்னை. சாட்சியின் வக்கீல் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். சாட்சி சொன்ன வாக்கியத்தை எழுதியவனும் நான்தான் என்பது அந்த நொடியில் அவளுக்கும் புரிந்துவிட்டது.

பெருங்காய வாசனை

எண்பதைத் தாண்டியவன் நான். சென்ற வாரங்களில் இந்தப் பத்திரிகைத் தொடரில் என் வெற்றிகளையே எழுதிவந்தேன். அதைப் படித்துவிட்டு ஆலன் நகரத்தில் இருக்கும் என் மகள் போன் செய்து, "அப்பா, நீங்க ஒரு கேஸ்கூட தோத்ததே இல்லையா?" என்று கேட்டாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள். தோற்ற ஒரு கேஸை இந்த வாரம் எழுதுகிறேன்.

இது தொண்ணூறுகளின் பிற்பகுதி. சான்டா கிளாராவில் ஒரு கடை வரிசையில் என் அலுவலகம். இடப்பக்கம் இந்திய மளிகைக்கடை, வலப்பக்கம் முடிவெட்டும் கடை. மளிகைக்கடைப் பலகையைவிட என் பெயர்ப்பலகை பெரியது. பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களைப் படித்து முடிப்பதற்குள் கார் நிறுத்த இடம் பறிபோய்விடும் என்று ஊரில் ஒரு ஜோக் இருந்தது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவன் நான்.

மளிகைக்கடைக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அட்டைச் சுவர். அந்தப் பக்கம் பெருங்காய மூட்டை பிரித்தால் இந்தப் பக்கம் ஃபைல் மணக்கும். நான் கோர்ட்டில் கொடுக்கும் தாள்களை நீதிபதியின் குமாஸ்தா கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் வாங்குவார். சாம்பார் வக்கீல் என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததாகப் பிறகு தெரிந்தது.

நம் ஆட்கள் அப்போது அலையலையாக வந்து இறங்கிய காலம். வேலை மாறுவார்கள், பழைய கம்பெனி வழக்குப் போடும். அவர்கள் என்னிடம் வருவார்கள். அலுவலகத்துக்கு வருபவர்கள் குறைவு. பொங்கல் விழாவில், கையில் வடைத் தட்டோடு, "அங்கிள், ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். வடை ஆறுவதற்குள் நான் தீர்ப்பே சொல்லிவிடுவேன்.

அப்படி வடைத் தட்டோடு வந்தவர்களில் ஒருவர்தான் செந்தில்குமார்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர். முப்பதை ஒட்டிய வயது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போடாமல் அவரால் மூச்சுவிட முடியாது. நான் அவரை நேரில் 'நீ' என்றுதான் பேசினேன். எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. மரியாதை கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது.

கேக்கும் கேஸும்

வழக்கு இதுதான். செந்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். சனி, ஞாயிறு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக, மேனேஜர் அனுமதியோடு, கம்பெனியின் புரோகிராம் முழுவதையும் ஒரு ஜிப் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார். அந்தக் காலத்து ஜிப் டிஸ்க் தெரியாதவர்களுக்கு: ரஸ்க் துண்டு அளவு இருக்கும், தடிமனாக, நீல நிறத்தில். வேறு கம்பெனிக்கு மாறியபோது பழைய கம்பெனி சொன்னது: டிஸ்க்கைத் திருப்பித் தரவில்லை, எங்கள் சொத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டான்.

அவர் திருடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மர்மக் கதை அல்ல.

திருடன் என்று ஆகிவிட்டால் புதுக் கம்பெனி அவரை வைத்துக்கொள்ளாது. வேலை போனால் விசா போகும். பாதியில் நிற்கும் க்ரீன் கார்டும் அதோடு போகும். மனைவி கவிதா, கைக்குழந்தையாக வந்து அப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். டிஸ்க்கை எங்கே, எப்போது, யாரிடம் கொடுத்தார் என்ற ஒற்றைக் கேள்வியில் அந்தக் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஓர் ஏற்பாடு உண்டு. டெபசிஷன் என்பார்கள். கோர்ட்டுக்குப் போகும் முன்பே எதிர்த்தரப்பு வக்கீல் ஓர் அறையில் நம் ஆளை உட்காரவைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பார். சொல்வதெல்லாம் எழுத்தில் ஏறும். பாதி வழக்குகள் அந்த அறையிலேயே செத்துவிடும். அதற்கு நம் ஆளைத் தயார்செய்வது நம் வேலை.

தயார்செய்ய ஒரு முறை இருக்கிறது. முதலில் அவர் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். ஆவணங்களைப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அதிலும் எதைக் காட்டலாம் என்று யோசித்துக் காட்ட வேண்டும். ஏனென்றால், ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சி எந்தத் தாளைப் படித்தாரோ அந்தத் தாளை எதிர்த்தரப்பு கேட்டால் கொடுத்தாக வேண்டும். இந்த விதி எனக்குத் தெரியும். அதைப் பற்றி வக்கீல்கள் கூட்டத்தில் உரையாற்றியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

செந்தில் என் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"சார், அன்னைக்கு வெள்ளிக்கெழமைங்க. ரிசப்ஷன்ல ரோசான்னு ஒரு பொண்ணு, அதுக்குப் பர்த்டேங்க. கிச்சன்ல கேக் வெட்டுனாங்க. வெள்ளிக்கெழமை நான் முட்டை தொடமாட்டனுங்களா, அதனால..."

எனக்கு அன்று சாயங்காலம் தமிழ்ச் சங்க நிர்வாகக் கூட்டம். நாடகத்துக்கு யார் தலைமை தாங்குவது என்று உலகமே எதிர்பார்த்துக்கொண்டிருந்த விவகாரம்.

"செந்தில், கேக்குக்கும் கேஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"இல்லீங்க சார், கேக் வெட்டறப்பத்தானுங்க..."

"கதை வேணாம்ப்பா. அமெரிக்காவுல கதை எடுபடாது. டாக்குமென்ட் பேசணும்." தடிமனான பைண்டர் ஒன்றை எடுத்து அவர் முன் தள்ளினேன். "எல்லாம் இதுல இருக்கு. வரிசையா பிரிச்சு நம்பர் போட்டிருக்கேன். நல்லாப் படிச்சிட்டு வா. இதுல இல்லாததைக் கேட்டா, 'ஐ டோன்ட் ரீகால்', ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. முடிஞ்சது."

"ஐ டோன்ட் ரீகால்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரிங்க சார்."

அவர் பைண்டரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கூட்டு வாசனை வருதுங்க" என்று சிரித்தார்.

சொல்லிக் கொடுப்பது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் வக்கீல் தொழிலை ஆரம்பித்தது திருநெல்வேலியில். என் சீனியர் சாட்சிகளைத் தயார்செய்த இடம் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்ச். ஒரு கையில் டீ, மறு கையில் சாட்சியின் தோள். "மாடசாமி, இருட்டாத்தான் இருந்தது, ஆனா தெரு லைட் எரிஞ்சுது. என்ன எரிஞ்சுது?" "லைட்டுங்கய்யா." "எந்தப் பக்கம்?" "நீங்க சொல்ற பக்கம்யா." "அடப்பாவி, வடக்குப் பக்கம்னு சொல்லுலே!"

எதிர் வக்கீலுக்கும் இது தெரியும். அவருடைய சாட்சியும் பக்கத்து பெஞ்சில்தான் படித்துக்கொண்டிருப்பான். அதனால் குறுக்கு விசாரணையின் முடிவில் எல்லா வக்கீலும் எல்லா சாட்சியிடமும் ஒரே கேள்வியைப் போடுவார்கள். சாட்சியின் பதிலை நீதிமன்றம் ஒரே பாணியில் எழுதிக்கொள்ளும்: 'வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.' தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் இந்த வரி இல்லாத வாக்குமூலத்தை நான் பார்த்ததில்லை. சுப்ரபாதம் மாதிரி, அதுவும் இருந்தால்தான் பொழுது விடியும்.

அமெரிக்கா வந்ததும் எனக்குப் பிரமிப்பு. அதே வேலையை இங்கே ஏசி அறையில், காபி கொடுத்து, பகிரங்கமாகச் செய்கிறார்கள். அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், இங்கே சாட்சிக்கு உண்மையைத்தான் நினைவூட்ட வேண்டும். அந்தச் சின்ன வித்தியாசம் என் கண்ணில் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் என் கண்ணில் படவில்லை. செந்தில் யார்? கோபியில் பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ரேங்க். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங். அதிலும் முதல் ரேங்க். 'நல்லாப் படிச்சிட்டு வா' என்று ஓர் அமெரிக்கனிடம் சொன்னால் அவன் படிப்பான். நம் பிள்ளையிடம் சொன்னால்?

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானே அந்த இனம்தான். சட்டக்கல்லூரியில் நோட்ஸை வரி மாறாமல் ஒப்பித்து மெடல் வாங்கினேன். ஒருமுறை பரீட்சைத் தாளில், நோட்ஸில் இருந்த அச்சுப்பிழையையும் சேர்த்தே எழுதினேன். முழு மார்க் விழுந்தது. திருத்தியவரும் அதே நோட்ஸில் படித்தவர்.

செந்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கவிதா பிறகு சொன்னார். சமையலறையில் பைண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் கேள்வி கேட்பாராம், செந்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே ஒப்பிப்பாராம். இவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டால், ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கும் மகள் தலை நிமிராமலே திருத்துவாளாம்: "அப்பா, யூ ஸ்கிப்ட் 'தேர்ஆஃப்டர்'!"

சிலபஸில் இல்லை

இனி கண்ணாடி மேஜைக்குத் திரும்பலாம்.

"நான்தான், மேடம்" என்று செந்தில் சொன்னதும் கெல்லர் அம்மையார் ஒரு பெப்பர்மின்ட்டை உரித்து, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டார்.

"அழகான வாக்கியம். எங்கே கற்றீர்கள்?"

"நாலாம் பகுதி, மேடம். இரண்டாவது பத்தி."

"எதன் நாலாம் பகுதி?"

"பைண்டரின். என் வக்கீல் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்."

நான் ஆட்சேபம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதல் ரேங்க் மாணவர்கள், வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்குகிறவர்கள். என் வாய் மூடுவதற்குள் செந்தில் ஒன்றாம் பகுதியில் தொடங்கி எந்தப் பகுதியில் என்ன தாள் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். நாலாம் பகுதி வேறு யாருடைய ஆவணமும் அல்ல. நடந்திருக்கும் என்று ஊகித்தவற்றைக் கால வரிசைப்படுத்தி நானே எழுதிக்கொண்ட குறிப்பு. என் சொந்த உபயோகத்துக்கு. அவசரத்தில் என் செட்டையே நகலெடுத்து அவருக்குக் கொடுத்திருந்தேன்.

"அந்தப் பத்தியின் பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்ததா?"

"ஆட்சேபம்!" என்றேன்.

"ஒரு பென்சில் குறிப்பு, மேடம். தமிழில்" என்றார் செந்தில். எங்கள் இருவர் குரலும் சேர்ந்தே ஒலித்தன. "இங்கிலீஷில் சொல்லட்டுமா?"

"தயவுசெய்து."

"'இந்த இடம் வீக். அதிகம் பேச வேண்டாம்.'"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கரும்பலகையில் கணக்கை முடித்துவிட்டு வாத்தியாரைத் திரும்பிப் பார்க்கும் பையனின் பார்வை. ஒன்றைக்கூட விடவில்லை சார், பென்சில் எழுத்தைக்கூட விடவில்லை.

தமிழில் எழுதினால் வெள்ளைக்காரிக்குப் புரியாது என்ற சாமர்த்தியத்தில் எழுதிய குறிப்பு அது. மொழிபெயர்ப்பாளரை நானே அழைத்து வந்திருந்தேன்.

கெல்லர் அம்மையார் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். விடைபெறும் நேர்காணலில் செந்தில் கையெழுத்துப் போட்ட படிவம். ஒப்படைத்த பொருள்கள்: அடையாள அட்டை, சாவி, பேஜர். டிஸ்க் என்ற சொல்லே அதில் இல்லை.

"ஆக, திரு. செந்தில்குமார் டிஸ்க்கை நேர்காணலில் ஒப்படைக்கவில்லை."

செந்திலின் உதடுகள் லேசாக அசைந்தன. மனதுக்குள் பைண்டரைப் புரட்டுகிறார் என்று தெரிந்தது.

"இல்லை, மேடம்."

"வேறு எப்போது, யாரிடம் கொடுத்தீர்கள்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் எல்லோரும் அந்த அறையில் இருந்தோம். அவருக்குப் பதில் தெரியும். பதில் அவர் நெஞ்சுக்குள் இருந்தது. ஆனால் அது நாலாம் பகுதியில் இல்லை. எந்தப் பகுதியிலும் இல்லை. சிலபஸில் இல்லாத கேள்வி. அதற்கு என்ன எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ஐ டோன்ட் ரீகால்" என்றார் செந்தில், தெளிவாக.

சுருக்கெழுத்துப் பெண்ணின் விரல்கள் அதையும் எழுதிக்கொண்டன.

கிரீம் ஒட்டிய கை

கார் நிறுத்துமிடத்தில் கவிதா காத்திருந்தார், டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தோடு. செந்தில் பரீட்சை ஹாலிலிருந்து வெளியே வருகிறவர் மாதிரி துள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒரு வார்த்தை விடலீங்க சார்! பென்சில்ல எழுதுனதக்கூடச் சொல்லிப்போட்டனுங்க!"

"எப்படிங்க சார் பண்ணுனாரு?" என்றார் கவிதா. "பாஸ் பண்ணிருவாருங்களா?"

கார் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "செந்தில், டிஸ்க்கை நிஜமா யார்கிட்டப்பா குடுத்தே?"

"அதத்தானுங்க அன்னைக்குச் சொல்ல வந்தேன். கேக் கதைங்க."

"சொல்லு."

சொன்னார். ரோசாவின் பிறந்தநாள். கிச்சனில் எல்லோரும். நேர்காணல் காலையிலேயே முடிந்துவிட்டது. டிஸ்க் மட்டும் இவர் கார் டாஷ்போர்டில் இருந்தது, மதியம்தான் ஞாபகம் வந்து எடுத்துவந்தார். மேனேஜர் டக் இரண்டு கைகளிலும் கேக்கை வைத்துக்கொண்டு நின்றான். விரலெல்லாம் கிரீம். "இந்தா டிஸ்க்" என்று இவர் நீட்ட, அவன் முழங்கையால் கோட்டுப் பையைத் தூக்கிக் காட்டி, "இதுக்குள்ளே போடு" என்றான். இவர் போடப்போனார். டக்கின் கட்டைவிரல் பட்டு லேபிளில் கிரீம் ஒட்டியது, ரோஸ் நிறம். இவர் தன் கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்து உள்ளே போட்டார். ரோசா சிரித்தாள்: "டக், அப்படியே ஒரு மெழுகுவத்தியையும் செருகிக்கோ!" வெள்ளிக்கிழமை என்பதால் இவர் தன் பங்குக் கேக்கை டிஷ்யூ பேப்பரில் மடித்து மகளுக்கு எடுத்துப்போனார்.

"கர்ச்சீப்ல கறை போகவே இல்லீங்க" என்றார் கவிதா. "என்ன பண்ணீட்டு வந்தீங்கன்னு நான் சத்தம்கூடப் போட்டேன்."

இதைச் சொல்லும்போது செந்தில் ஒப்பிக்கவில்லை. முழங்கையைத் தூக்கி டக்காக மாறினார். ரோசாவின் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். வாக்கியங்கள் முன்னும் பின்னும் தடுக்கி விழுந்தன. நிஜம் எப்போதும் அப்படித்தான் விழும். அந்த அறையில் இவர் இப்படிப் பேசியிருந்தால் கெல்லர் அம்மையார் பெப்பர்மின்ட்டை விழுங்கியிருப்பார்.

"இதை ஏம்ப்பா உள்ளே சொல்லலை?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் முகத்தில் குழப்பம்.

"பைண்டர்ல இல்லீங்களே சார்."

கோபிசெட்டிபாளையம்

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஒரு சோம்பேறி வக்கீல், அவ்வளவுதான். சோம்பேறித்தனத்துக்கு மன்னிப்பு உண்டு.

எழுத்தில் ஏறிய வாக்குமூலம் சில வாரங்களில் வந்தது. கையெழுத்துப் போடும் முன் சாட்சி அதைப் படித்துத் திருத்தலாம். 'ஐ டோன்ட் ரீகால்' என்ற பதிலை அடித்துவிட்டு, 'இப்போது சொல்கிறேன், டக்கின் கோட்டுப் பையில் போட்டேன், ரோசா பார்த்தாள்' என்று எழுதலாம். ரோசாவைத் தேடிப் பிடித்து அவளிடமும் வாக்குமூலம் வாங்கலாம். அவள் அதே சான்டா கிளாராவில்தான் இருந்தாள்.

ஆனால் திருத்தினால் கெல்லர் அம்மையார் மறுபடி கூப்பிடுவார். தெரிந்த விஷயத்தைத் தெரியாது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்பார். செந்தில் உண்மையைச் சொல்வார். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. 'என் வக்கீல் அப்படிச் சொல்லச் சொன்னார்.'

பெயர்ப்பலகையை நினைத்தேன். லைசென்ஸை நினைத்தேன். தமிழ்ச் சங்க நாடகத்துக்குக் கடைசியில் தலைமை தாங்கியது நான்தான். அதையும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"இனிமே மாத்துனா வேற மாதிரி ஆயிடும்ப்பா. அப்படியே கையெழுத்துப் போட்டுடு" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க சார்."

ஆனாலும் அவர் ஒரு திருத்தம் செய்தார். கோபிசெட்டிபாளையம் என்ற பெயரை சுருக்கெழுத்துப் பெண் ஏறுமாறாக அடித்திருந்தாள். அதை மட்டும் சிவப்பு மையில் அழகாகத் திருத்தி, பக்கத்தில் இனிஷியல் போட்டார். ஸ்பெல்லிங்குக்கு மார்க் உண்டல்லவா.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்தத் துறையில் சில காலம் வேலை பார்க்க மாட்டேன் என்று செந்தில் எழுதிக்கொடுத்தார். ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரியை யாரும் படிக்க மாட்டார்கள். புதுக் கம்பெனியும் படிக்கவில்லை. வேலை போனது. பின்னாலேயே மற்றதெல்லாம் போனது.

ஊருக்குக் கிளம்பும் முன் இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். கவிதா வீட்டில் செய்த மைசூர்பாகு கொண்டுவந்திருந்தார். "எங்களுக்காக எவ்வளவோ பாடுபட்டீங்க சார்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மைசூர்பாகைப் பார்த்தேன்.

செந்தில் வாசலில் தயங்கி நின்றார். "சார், ஒண்ணு கேக்கலாங்களா? நான் எங்கியாவது மறந்துபோட்டனுங்களா? எந்த எடத்துல மார்க் போச்சுங்க?"

"நீ ஒண்ணும் மறக்கலைப்பா" என்றேன். நான் அவரிடம் சொன்ன உண்மைகளில் அது ஒன்று.

போன்

மகள் கேலிசெய்த மறுநாள், பழைய ஆட்கள் பலரிடம் விசாரித்து, செந்திலின் எண்ணைப் பிடித்தேன். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாராம். பையன்கள் நன்றாகப் பாஸ் செய்கிறார்களாம். அவர் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்.

"சாருங்களா! நல்லா இருக்கீங்களா சார்? கவி, யாருன்னு பாரு, நம்ம சான்டா கிளாரா சாரு!" குரலில் அதே ங்க. ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அதற்குத்தான் நான் தயாராக இல்லை.

திருத்தப் பக்கத்தைப் பற்றியும் என் பயத்தைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "உடுங்க சார், பழைய கதை" என்றார்.

"செந்தில், அந்தக் கடைசி நாள்ல என்ன நடந்துச்சு? உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. எழுதப்போறேன்."

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. எழுந்து நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

"அதன்பின் திரு. செந்தில்குமார், தம் வசம் இருந்த நிறுவனப் பொருள்கள் அனைத்தையும்..."

அதே இங்கிலீஷ். கமாவில் அதே மூச்சு. பத்தியின் கடைசிவரை போய் நிறுத்தினார். பென்சில் குறிப்பையும் விடவில்லை.

"அது நான் எழுதினதுப்பா" என்றேன். "கேக் வெட்டினாங்களே, அதைச் சொல்லுங்க."

"கேக்குங்களா? எந்தக் கேக்குங்க சார்?"

நான் சொன்னேன். ரோசா, டக், முழங்கை, ரோஸ் நிறக் கிரீம், கர்ச்சீப், மெழுகுவத்தி. அவர் ஒருமுறை கார் நிறுத்துமிடத்தில் எனக்கு நடித்துக் காட்டியதை நான் அவருக்குப் போனில் நடித்துக் காட்டினேன். ரோசாவின் சிரிப்பு மட்டும் எனக்கு வரவில்லை.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். அப்புறம் மரியாதையாக, என் வயதுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிற குரலில் கேட்டார்.

"அப்படிங்களா சார்? எனக்கு ரீகால் ஆகலீங்களே. அதுக்கு ஏதாச்சும் டாக்குமென்ட் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

சாட்சிக் கூண்டில் என்னை நிறுத்தி, 'அவருடைய ஞாபகத்தை நான்தான் திருடினேன் என்றால் சரியல்ல' என்று எழுதிக்கொள்ளச் சொன்னால், கையெழுத்துப் போட மாட்டேன். டிஸ்க்கை யாரும் திருடவில்லை. அந்த வழக்கில் நடந்த ஒரே திருட்டு என்னுடையது.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஈரோட்டுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். பிரித்துப் படிப்பார். நல்ல மாணவர். மனப்பாடம் செய்துவிடுவாரே என்பதுதான் பயமாக இருக்கிறது.